ஆறாம் எண் வெளியே வரவில்லை

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்ற செய்தி எனக்கு வாட்ஸப்பில்தான் வந்தது.

காலைப் பயிற்சி முடிந்து, ஐஸ் வாளிக்குள் கணுக்காலை வைத்தபடி போனைத் திறந்தேன். மேற்கு தில்லி முத்தமிழ் வட்டத்தின் குழுவில் என் படம். சுற்றிலும் பொன்னிற பார்டர், மூலைக்கு ஒரு குத்துவிளக்கு, நடுவில் ஜெர்சியோடு நான். 'கால்பந்து வீராங்கனை செல்வி எவாஞ்சலின் ஜெயசீலன் அவர்களுக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. ஞாயிறு மாலை, ஜனக்புரி. இரவு உணவு உண்டு.' அதற்குள் பாதிக் குழு கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தது. அவசரக்காரர் ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

பணி நிறைவாம். யாருடைய பணி, எங்கே நிறைந்தது? அன்று காலையில்கூட என்னிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாமல் இரண்டு பெண்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. தில்லி கிளப் ஒன்றுக்காகப் பெண்கள் லீகில் ஆடுகிறேன். நடுக்களம், ஆறாம் எண். இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், அடுத்த சீசனைப் பற்றி கிளப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை முத்தமிழ் வட்டத்தின் செயலாளர் வைத்தி அங்கிள் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. அவருக்கே போன் போட்டேன்.

"அப்பா சொல்லலியா? ஜெயசீலன்தானே வந்து கேட்டுண்டார். உங்க கிளப் மேனேஜர் பாட்டியாஜிதான் சீஃப் கெஸ்ட். பொன்னாடை, கேடயம் எல்லாம் சொல்லியாச்சு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, வந்து நின்னா போறும்."

"அங்கிள், நான் ரிடையர் ஆகல."

"அதான் ஞாயித்துக்கிழமை ஆகப்போறியே," என்றார். வைத்தி அங்கிள் மத்திய அரசில் சார்புச் செயலாளராக இருந்தவர். தேதி குறித்த பிறகும் ஒருவர் ஓய்வு பெறாமல் இருக்க முடியும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்தால், அப்பா புதுச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஊர் நாசரேத் பக்கம். ஓர் அமைச்சகத்தில் கிளார்க்காக நுழைந்து செக்‌ஷன் ஆபீசராக வெளியே வந்தவர். தில்லிக்கு வந்து இவ்வளவு காலமாகியும் உணர்ச்சிவசப்பட்டால் ஊர்த் தமிழ்தான் வரும்.

"அந்த மனுஷன் நம்ம வீட்டுக்கே வந்தாருட்டி," என்றார். "பாட்டியா. சும்மா லெட்டரக் கொடுத்து அனுப்பாம, கடைசி மேட்ச்ல பாதியில ஒன்ன வெளிய கூப்பிட்டு, ரெண்டு பக்கமும் எல்லாரும் நின்னு கை தட்டுவாங்களாம். மால நான்தான் போடணுமாம். அப்பா கையாலதான் போடணும்னு சொல்லுதாரு."

"நான் போறேன்னு யார்ப்பா சொன்னா?"

"என்னைக்கா இருந்தாலும் போகத்தானே செய்யணும்? நல்ல பேரோட போறது எத்தன பேருக்கு வாய்க்கும்?"

அம்மா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பெயர் சிசிலியா, அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "அவ வேலைய முடிச்சு வைக்க நீங்க யாரு?" என்றாள். "எனக்கு அன்னைக்கு டூட்டி. எந்த விழாவுக்கும் நான் வரல."

அப்பா முகம் சுண்டிப்போயிற்று. அவருக்கு ஏன் இப்படி ஒரு ஆசை வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அமைச்சகத்தில் ஓய்வு பெறுவது ஒரு சடங்கு. கடைசி நாள் மாலை, சமோசா, ஒரு சுவர்க் கடிகாரம், அப்புறம் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஆபீஸ் காரில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள், காலனியே பால்கனியில் நின்று பார்க்கும். எத்தனையோ பேருக்கு அப்பா அதை முன்னால் நின்று நடத்தியிருக்கிறார். அவர் முறை வந்தபோது ஊரடங்கு. ஒரு ஈமெயில் வந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கக்கூட யாரும் அவரை வரச் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடத்தான் செய்தது. அவருக்குக் கிடைக்காத மாலைக்கு என் கழுத்தா அகப்பட்டது?

மறுநாள் பாட்டியாவின் அறைக்குப் போனேன். "ஆவோ பேட்டா," என்றார், 'வா மகளே' என்று. அவர் பேட்டா என்று ஆரம்பித்தால் எதையோ பிடுங்கப் போகிறார் என்று அர்த்தம். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நாங்கள் ஜெர்சிக்குள் ஜி.பி.எஸ். கருவி வைத்த பனியன் போட்டுக்கொண்டு ஆடுகிறோம். யார் எவ்வளவு ஓடினார்கள் என்று அது கோடு போட்டுக் காட்டும். எல்லார் கோடும் நெடுநெடுவென்று இருந்தது. என்னுடையது அடியில் குட்டையாக நின்றது.

"நீ ஓடுவதில்லை, பேட்டா. கோலும் போடுவதில்லை," என்றார் இந்தியில்.

கோல் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்க் கூட்டங்களிலும் என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். என்ன செய்வது, நான் கோல் போடுகிறவள் இல்லை. கோல் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கே நிற்கிறவள். எதிராளிகளுக்கும் எங்கள் தடுப்பு வரிசைக்கும் நடுவில் நின்று பந்தை வாங்குவேன். வாங்குவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்த்து, யார் எங்கே என்று மனதில் போட்டுக்கொள்வேன். பந்து வந்ததும் உள்ளங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். அதைப் பார்த்தால் எதிராளிக்குக் கை அரிக்கும். ஒருத்தி பாய்ந்து வருவாள், பின்னாலேயே இன்னொருத்தி வருவாள். கேலரியில் 'ஜல்தி! ஜல்தி!', சீக்கிரம் சீக்கிரம் என்று அலறுவார்கள். எங்கள் கோச்சே அலறுவார். நான் நிற்பேன். இரண்டு பேரும் என் மூச்சு படுகிற தூரத்துக்கு வந்த பிறகு, அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்துக்குப் பந்தைத் தட்டிவிடுவேன். ஓடியவர்கள் அவர்கள். நான் எதற்கு ஓடவேண்டும்?

இதை எந்த அகாடமியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் நாங்கள் ஆடியது ஜனக்புரியில் வீட்டுக்கு முன்னால், இரண்டு வரிசை கார்களுக்கு நடுவில். ஓங்கி உதைத்தால் எவருடைய மாருதியின் கண்ணாடியோ போய்விடும், அப்புறம் ஒரு வாரம் பந்து கிடையாது. பையன்கள் உதைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். நான் அகப்பட்டுக்கொள்வேன். அதனால் பந்தைக் காலைவிட்டுப் போகவிடாமல் வைத்திருக்கப் பழகினேன்.

பாட்டியாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "நான் வேண்டாமென்றால் நீங்கள் சொல்லுங்கள். நானாகப் போகிறேன் என்று ஏன் சொல்ல வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் எடுத்துவிட்டோம் என்றால் உனக்கும் அசிங்கம், எங்களுக்கும் நாலு பேர் திட்டு. நீயே விடைபெற்றால் எல்லாருக்கும் மரியாதை. பதிவுகூடத் தயார். ஞாயிற்றுக்கிழமை எழுபதாவது நிமிடத்தில் உன்னை வெளியே எடுக்கிறபோது பேஸ்புக்கில் ஏறிவிடும்." சிரித்துக்கொண்டே எழுந்தார். "அப்பா ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். அவர் மனதைக் கெடுக்காதே."

மனிதர் எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்து அடித்திருந்தார். அப்பா கையால் மாலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் நான் ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவளை வேறு எந்த கிளப் கூப்பிடும்? கேரளத்திலோ ஒடிசாவிலோ யாருக்காவது ஒரு ஆறாம் எண் தேவைப்பட்டாலும், 'அவள் போய்விட்டாளே' என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இவர்கள் கையில் கறை இல்லாமல் என்னைக் கழுவிவிடுவார்கள், அதற்கு என் அப்பாவே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எங்கள் கோச் ப்ரீதா மேடம் கோயம்புத்தூர்க்காரர். மற்றவர்கள் இருக்கும்போது எங்களுக்குத் தமிழ்தான் ரகசிய மொழி. வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் பிறகு, கூம்புகளைப் பொறுக்குவது போல என் பக்கத்தில் வந்தார்.

"எழுபதுல உன்னை எடுத்துட்டு அந்தச் சின்னப் பொண்ணு மேதாவை விடச் சொல்லியிருக்காங்க. என்ற கைல ஒண்ணுமில்ல எவா."

"மேடம், நான் வெளிய வரலைன்னா?"

அவர் கூம்பைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "ரூல்படி உன்னைத் தள்ள முடியாது. எடுக்கற ஆளு போக மாட்டேன்னு நின்னா, மாத்தற ஆளு உள்ள வரக்கூடாது. ஆட்டம் பாட்டுக்கு நடக்கும். இத்தனை வருஷத்துல அப்படி ஒருத்தர் நின்னு நான் பாத்ததில்ல." கொஞ்ச தூரம் போனவர் திரும்பிப் பார்த்தார். "இதை நான் உனக்குச் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை அம்பேத்கர் ஸ்டேடியத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். முத்தமிழ் வட்டம் ஒரு வேனே பிடித்து வந்திருந்தது. பட்டுப்புடவைகள், புளியோதரைப் பொட்டலங்கள், வைத்தி அங்கிள் கையில் தட்டோடு பொன்னாடை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நான் நன்றாகத்தான் ஆடினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. நான் பந்தைக் காலடியில் வைத்து நின்றபோதெல்லாம் "பாஸ் பண்ணும்மா, பாஸ் பண்ணு!" என்று வேன் கூட்டம் அலறியது.

எழுபதாவது நிமிடத்துக்கு முன்பே கோட்டுக்கு வெளியே சுறுசுறுப்பு தெரிந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் எழுந்து இரண்டு வரிசையாக நின்றார்கள். போட்டோக்காரர் முட்டி போட்டார். மேதா ஜெர்சிக்கு மேலே போட்டிருந்த பயிற்சிச் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கினாள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூசா ரோடு பெண், பத்தொன்பது வயது, மான் மாதிரி ஓடுவாள். அவளுக்கும் அன்று ஆட வேண்டும். வரிசையின் கடைசியில், புதுச் சட்டையில், இரண்டு கையாலும் சாமந்தி மாலையை ஏந்திக்கொண்டு அப்பா.

பந்து வெளியே போனதும் ஆள் மாற்றும் பலகை உயர்ந்தது. வெளியே வர சிவப்பில் ஆறு, உள்ளே போக பச்சையில் பதினேழு. எங்கள் அணிப் பெண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தி வந்து கட்டிப்பிடித்து அழவே செய்தாள். அவளை விலக்கிவிட்டு நான் பலகைக்கு முதுகைக் காட்டினேன். நடு வட்டத்துக்குப் போய் என் இடத்தில் நின்றேன்.

ரெஃப்ரீ ஓடிவந்தார். ஹிமாசல் பக்கத்துப் பெண், கண்டிப்பானவர். "நம்பர் சிக்ஸ், பாஹர்," என்று வெளியே கை காட்டினார்.

"நஹீ ஜாவூங்கி, மேடம்," என்றேன். போக மாட்டேன்.

"காலில் அடியா?"

"இல்லை. போக மாட்டேன், அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு த்ரோ எடுக்கச் சொல்லி விசில் ஊதினார். பலகையைப் பிடித்திருந்தவருக்கு அதை இறக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை, என் எண் இன்னும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் எரிந்துகொண்டிருந்தது. பாட்டியா கோட்டு வரைக்கும் வந்து கத்தினார். அதற்குள் கிளப்பின் பேஸ்புக் பக்கத்தில் பதிவு ஏறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. 'நன்றி எவா, உன் பயணத்துக்கு எங்கள் வணக்கங்கள்.' அந்த நிமிடத்தில் ஓய்வு பெற்றவளின் காலடியில் பந்து இருந்தது.

அப்பாவைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதே என் தொழில். வரிசை கலைந்துவிட்டது, போட்டோக்காரர் எழுந்துவிட்டார், அப்பா மட்டும் மாலையை உயர்த்தின கையோடு அப்படியே நின்றார். பெற்ற அப்பாவை ஊர்க்காரர்கள் நடுவில் இப்படி நிறுத்திவிட்டேனே என்று துக்கமாக இருந்தது. அந்தத் துக்கத்தில் ஒரு பந்தை நழுவவிட்டேன். எதிரணிப் பெண் அதைத் தட்டிக்கொண்டு தனியாக ஓடினாள். எங்கள் கோல் கீப்பர் விரல் நுனியால் தள்ளிவிடவில்லை என்றால் அன்றைக்கு என் கதை கந்தல். கேலரி என்னைத் திட்டியது. "புட்டி, கர் ஜா!" என்று ஒருவன் கத்தினான். கிழவி, வீட்டுக்குப் போ!

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது. துக்கம் போய்க் கோபம் வந்தது. கோபம் எனக்கு நல்லது, கால் சொன்னபடி கேட்கும்.

ப்ரீதா மேடம் களைத்துப்போன முன்கள வீராங்கனை ஒருத்தியை எடுத்துவிட்டு மேதாவை உள்ளே விட்டார். ஓடிவந்தவளிடம், "நான் நிப்பேன். நீ ஓடு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன், ஆனா பந்து வரும்," என்றேன். அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன், அவளுக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும், ஆனாலும் தலையாட்டினாள். அடுத்த முறை பந்து வந்தபோது காலடியில் வைத்து நின்றேன். ஒருத்தி வந்தாள். நின்றேன். இரண்டாவது ஆளும் வந்தாள். பின்னால் ஆள் மூச்சு வாங்குவது கேட்டது. தட்டினேன். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து வெட்டவெளிக்குப் போனது, மேதா அதைப் பிடித்துக்கொண்டு பறந்தாள். கட்டிவிட்ட கதையாக இருந்தால் கோல் விழுந்திருக்கும். அவள் உதைத்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் சமனில் முடிந்தது.

பாட்டியா எனக்காகக் கோட்டிலேயே காத்திருந்தார். பேட்டா எல்லாம் போய்விட்டது. "ஒழுங்கீனம். உனக்கு இந்த கிளப்பில் இனி இடம் இல்லை. முடிந்தது," என்றார்.

"அதைத்தான் சார் கேட்டேன்," என்றேன். "அப்படியே எழுதிப் போடுங்கள். எடுத்துவிட்டோம் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அந்தப் பழைய பதிவை அழியுங்கள்." ஆடுவதற்கு ஒரு இடம்கூட இல்லாதவள் ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பா என் பையை எடுத்துக்கொண்டார். "வேன்ல ஏறு," என்றார், அவ்வளவுதான். ஜனக்புரி வரும் வரைக்கும் முத்தமிழ் வட்டமே வாயை மூடிக்கொண்டு வந்தது. அப்பேர்ப்பட்ட வட்டம் அப்படி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

விழாவை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். "நூத்தம்பது பேருக்கு சமையல் சொல்லியாச்சே, என்ன பண்றது?" என்றார் வைத்தி அங்கிள் பரிதாபமாக. சீஃப் கெஸ்ட் வரவில்லை. மேடையில் 'பணி நிறைவு' என்ற பேனர் மட்டும் ஜம்மென்று இருந்தது. நான் அழுக்கு ஜெர்சியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்த அம்மா, "விழாவுக்கு வரல, ஒன்னப் பாக்க வந்தேன்," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். வைத்தி அங்கிள் மைக்கைத் தட்டித் தொண்டையைச் செருமினார். அப்போது அப்பா எழுந்து படியேறிப் போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் விழாவுக்கு நாற்காலி போட்ட மனிதர். மேடையில் பேசி நான் பார்த்ததே இல்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். அழைப்புல ஒரு தப்பு இருக்கு," என்றார். குரல் கரகரத்தது. "எம் மக ரிடையர் ஆகல. அவள வேலையில இருந்து எடுத்துட்டாங்க. இன்னைக்கு சாயங்காலத்துல இருந்து அவளுக்கு வேல இல்ல."

ஹாலில் தட்டு வைக்கிற சத்தம்கூட நின்றது. இந்தக் கூட்டத்தில் பிள்ளைக்கு வேலை போனால் கூடப்பிறந்தவர்களிடமே சொல்ல மாட்டார்கள். லீவில் வந்திருக்கிறான் என்பார்கள், மேல்படிப்பு என்பார்கள். அப்பா நிமிர்ந்து நின்று மைக்கில் சொன்னார்.

"வயசு முப்பத்து மூணு. நடு மைதானத்துல ஆடுவா. கோல் ரொம்பப் போட மாட்டா. ஓட மாட்டாங்கான் அந்த பாட்டியா. எதுக்கு ஓடணும்? அவ கால்ல கெடக்க பந்த அவளா கொடுத்தாத்தான் உண்டு. இன்னைக்கு நானே மாலையோட போயி வாங்கப் பாத்தேன், நடக்கலல்லா!" யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு எல்லா ஊர்லயும் ஆள் தெரியும். கேரளா, ஒடிசா, கோவா, எங்க கிளப் இருந்தாலும் சரி, கேட்டுச் சொல்லுங்க. அவளுக்கு ஒரு எடம் வேணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஆடுவேல்லாட்டி?"

"ஆடுவேன்!" என்று எழுந்து நின்று கத்தினேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.